ஒரு வருஷத்துக்குப் போதுமான கேஸ்

தம்பி,

நான் சுகம் என்று எழுதினால் பொய். நீ சுகமா என்று கேட்கும் அளவுக்கு என் கோபம் இன்னும் தணியவில்லை. அதனால் வழக்கமான விசாரிப்புகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். அக்கரையில் த்வாண்டேயில் இருக்கிற நீ, வீட்டுப்பக்கம் வராமலே, லத்தாவில் உள்ள கேஸ் கிடங்கு ஆள் கோ மின் மூலமாக எனக்கு ஒரு பெரிய கேஸ் சிலிண்டர் அனுப்பினாயே, அது போன மாதம் வந்து சேர்ந்தது. என் தோள் உயரம் இருந்தது. சமையலறையில் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அதை நிறுத்திவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே கோ மின் சொன்னான்: "அமே, மவன் சொல்லிச்சு. இது ஒரு வருஷம் போதும். இனிமே கவல இல்ல." சோடாக் கம்பெனி ராவுத்தர் காலத்திலிருந்து அந்தக் கிடங்கில் இருப்பவன், அரைகுறைத் தமிழ் பேசுவான், அம்மா என்பதை மட்டும் பர்மிய மொழியில் அமே என்பான். நீ சொல்லிவிட்டதை அப்படியே ஒப்பித்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஒரு வருஷம். அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. இந்தக் கேஸ் எதற்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் அடுப்பு எரிவது நான் போடும் இஞ்சி பீரால்தான். பீருக்குள் விடுகிற இந்தக் கேஸ் இல்லாவிட்டால் பீரில் நுரை இல்லை. நுரை இல்லாவிட்டால் அதை எவரும் வாங்கப்போவதில்லை. இதுவரை நம் வீட்டில் சின்ன சிலிண்டர்தான். மாதம் ஒரு முறை தீரும். தீர்ந்தால் நீ த்வாண்டேயிலிருந்து படகு ஏறி வருவாய், காலியானதைத் தூக்கிக்கொண்டு லத்தாவுக்குப் போவாய், நிறைந்ததைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுப்பாய். கல்யாணமாகி நீ அக்கரைக்குப் போன பிறகு உன் முகத்தை நான் பார்த்தது அந்த ஒரு நாளில் மட்டும்தான். இப்போது ஒரு வருஷத்துக்குப் போதுமான கேஸை அனுப்பினாய் என்றால், ஒரு வருஷத்துக்கு நீ வரத் தேவையில்லை என்றுதானே அர்த்தம். வேறு அர்த்தம் இருந்தால் எழுது, தெரிந்துகொள்கிறேன்.

தமிழில் எழுதுகிறேன். படிக்கத் தெரியவில்லை என்று சாக்குச் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் உனக்கு எழுத்துச் சொல்லித்தந்தவள் நான்தான், உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியும். மெதுவாகப் படி. உன் மனைவி எஸ்தருக்குப் பர்மிய மொழியில் சொல்லும்போது உனக்குச் சங்கடமான இடங்களைத் தாண்டித் தாண்டிப் போகாதே. அந்தப் பெண் புத்திசாலி, உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

பெரியது வாங்கினால்தான் சிக்கனம் என்றும் சொல்லியனுப்பினாய். சிக்கனத்தை நீ எனக்குச் சொல்லித்தருகிறாய். கேஸ் நம் வீட்டுக்குள் வந்ததே சிக்கனத்துக்காகத்தான் என்பது உனக்கு மறந்துபோயிருக்கும். அப்போது நீ சின்னப் பையன். அப்பா கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. கிறிஸ்மஸுக்கும் கல்யாணங்களுக்கும் நம் சபைக்காரர்களுக்கு இஞ்சி பீர் போட்டுக் கொடுப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம். இஞ்சியை இடித்து, சீனியும் எலுமிச்சையும் சேர்த்து, ஈஸ்ட் போட்டு, ஜாடியில் இரண்டு மூன்று நாள் பொங்கவைத்து, வடிகட்டிப் போத்தலில் ஊற்றுவார். ஒவ்வொரு போத்தலிலும் மறுபடி ஒரு கரண்டி சீனி. அந்தச் சீனி உள்ளே புளித்துத்தான் நுரை கட்டும். இந்த ஊர் வெக்கையில் அது அளவோடு நிற்குமா? ஒரு நாள் நம் வீட்டில் ஜெபக்கூட்டம். கட்டிலுக்கு அடியில் இருந்த போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பழகிய காலம் அது. பாதிரியார் உட்பட எல்லாரும் தரையில் குப்புறப் படுத்துவிட்டார்கள். உன் அப்பா மட்டும் நின்றுகொண்டு, "ஒண்ணுமில்லங்க, நம்ம பீருதாங்க" என்று சமாதானம் சொன்னார். பாதிரியார் எழுந்து பார்த்தால் வெள்ளை அங்கி முழுக்க இஞ்சிச் சக்கை ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அப்பா யோசித்தார். மூடிப்போன வெள்ளைக்காரர் கிளப் ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டபோது ஓர் இரும்புப் பீப்பாயும் அதன் குழாயும் எடுத்துவந்தார். போத்தலில் சீனி போடுவதை நிறுத்தினார். வடிகட்டிய பீரைப் பீப்பாயில் ஊற்றி, சுற்றிலும் ஐஸ் அடுக்கிக் குளிரவைத்து, சோடாவுக்கு அடைக்கிற அதே கேஸை அதற்குள் விட்டார். போத்தல் உடைவது நின்றது, இரண்டாவது தடவை போடுகிற சீனி மிச்சமாயிற்று. கேஸை லத்தா ராவுத்தரின் சோடாக் கம்பெனியில் வாங்கினார். "குமாஸ்தா ஐயா, பெரிசா எடுத்துக்கங்க, வீசைக்கு மலிவா விழும்" என்று ராவுத்தர் சொன்னார். அப்பா சிரித்துக்கொண்டே, "மலிவா விழும் பாய், மூணாவது மாடிக்குத் தானா ஏறாதே" என்றார். அன்றைக்கு எடுத்ததுதான் சின்ன சிலிண்டர். ஒரு ஆள் தோளில் வைத்துக்கொண்டு படி ஏறலாம், சைக்கிளில் மாட்டிய சைக்கா வண்டியில் காலடியில் வைத்துக்கொண்டு வரலாம்.

சின்னதை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவர் உனக்கும் சொல்லித்தான் இருக்கிறார். சிலிண்டருக்குள் கேஸ் தண்ணீர் மாதிரி திரவமாகக் கிடக்கிறது. திரவம் ஒரு சொட்டு இருக்கிறவரைக்கும் கேஜ் முள் நிற்கிற இடத்தில்தான் நிற்கும். காலையில் குளிர்ச்சியாக இருந்தால் கொஞ்சம் இறங்கும், மத்தியானம் வெயிலுக்குக் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். திரவம் தீர்ந்ததும் சட்டென்று விழும். அப்போது பார்த்து என்ன பயன். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். காலி எடை சிலிண்டரின் கழுத்திலேயே வெட்டியிருக்கிறது. சின்னதைத் தெருமுனை அரிசிக்கடைத் தராசில் தொங்கவிட்டு, அந்த எடையைக் கழித்தால் தீர்ந்தது. எந்த விருந்துக்கு முன்னாலும் உன் அப்பா அதைச் செய்யாமல் இருந்ததில்லை. அரிசிக்கடைக்காரன், "ஐயா வந்துட்டாரு, அரிசியை இறக்குங்கடா" என்று கேலி செய்வான், அதைப்பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை.

இனி உன் கல்யாணத்துக்கு வருகிறேன். வரத்தான் வேண்டும், ஏனென்றால் பெரிய சிலிண்டர் உன் மண்டையில் முளைத்தது அன்றைக்குத்தான். முதல் நாள் சாயங்காலம் நான் சொன்னேன், தம்பி, சிலிண்டரை அரிசிக்கடைக்குக் கொண்டுபோய் நிறுத்துக்கொண்டு வா என்று. "கல்யாண மாப்பிள்ளை சிலிண்டரத் தோள்ல வச்சிக்கிட்டு முனைக்குப் போவானாம்மா? முள்ளு நல்லாத்தானே நிக்குது, யபாதே" என்றாய். எதற்கெடுத்தாலும் உனக்கு ஒரு யபாதே. பரவாயில்லை, ஆகட்டும், விடு என்று பர்மாக்காரர்கள் ஆயிரம் விதமாகச் சொல்கிற வார்த்தை அது. உன் வாயில் அதற்கு ஒரே அர்த்தம்தான், நான் செய்யப்போவதில்லை என்று.

நம் லான்மடாவ் சபையில் எப்படியோ வந்துவிட்ட வழக்கம் உனக்குத் தெரியும். கல்யாண விருந்தில் பிள்ளை வீட்டுப் பீரைப் பிள்ளையைப் பெற்றவள்தான் குழாய் திறந்து ஊற்ற வேண்டும். முதல் டம்ளர் மருமகளுக்கு, அடுத்தது சம்பந்தி வீட்டாருக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. டம்ளரில் நுரை நிற்கிறதா என்று எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். எஸ்தரின் டம்ளரில் நுரை விளிம்புவரை நின்றது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. சம்பந்தி மேஜைக்கு ஊற்றும்போது குழாய் ஒரு தடவை இருமியது. பிறகு வந்ததெல்லாம் இஞ்சிக் கஷாயம். எஸ்தரின் அம்மா அதையும் ஒரு வாய் குடித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, பர்மிய மொழியில் நன்றாக இருக்கிறது என்றார்கள். தலை நிமிர முடியவில்லை எனக்கு. நீ கோட்டும் டையும் போட்டுக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்து கேஜைத் தட்டிப் பார்த்தாய். அப்புறம் என்ன சொன்னாய்? "சிலிண்டர் சின்னதும்மா, அதான்." நிறுக்காமல் விட்டது தப்பில்லை, சிலிண்டர் சின்னதாகப் பிறந்ததுதான் தப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை வரும்போதும் அதே பேச்சு, பெரிசா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா தொல்லை விட்டுதும்மா என்று.

அந்தப் பெரிசு வந்த கதையைக் கேள். தள்ளுவண்டியில் வைத்து நாலு பேர் கொண்டுவந்தார்கள். நம் வீட்டுப் படிக்கட்டு எவ்வளவு செங்குத்து, எவ்வளவு குறுகல் என்று கிடங்கில் உட்கார்ந்து ஆர்டர் கொடுத்தவனுக்கு மறந்துவிட்டது. முதல் வளைவிலேயே சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. கீழ்வீட்டு டோ மியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்று, இது என்ன வெடிகுண்டா என்று கேட்டாள். அந்த ஆட்களில் ஒருவன் வெளியே போய், மாடியிலிருந்து காய்கறியும் பத்திரிகையும் இழுப்பதற்கு நாம் தொங்கவிட்டிருக்கிற கயிற்றை அண்ணாந்து பார்த்தான். அதில் சிலிண்டரைக் கட்டி இழுக்கத்தான் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் சாமி என்று மேலிருந்து கத்தினேன். கடைசியில் எப்படியோ உருட்டிப் புரட்டி ஏற்றினார்கள், இரண்டு படியின் விளிம்பு போயிற்று. டோ மியா இன்றைக்கு வரைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கிறிஸ்மஸுக்கு அவள் வீட்டுக்கு வழக்கத்தைவிடப் பெரிய கேக்காக அனுப்பித்தான் சரிக்கட்ட வேண்டும்.

அது வந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறக்கிறேன், சமையலறையில் உஸ்ஸென்று ஒரு சத்தம். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். வால்வில் குழாய் மாட்டும் இடத்தில் முட்டை முட்டையாக வந்தது. வாஷர் நைந்துபோயிருந்தது. வால்வை மூடினேன். எவ்வளவு போயிற்று, எவ்வளவு இருக்கிறது? முள்ளைக் கேட்டால் எல்லாம் நிறைந்திருக்கிறது என்கிறது. நிறுத்துப் பார்க்கலாம் என்றால் அதை எவன் தூக்கித் தராசில் மாட்டுவான்? அரிசிக்கடையை மூன்றாவது மாடிக்குக் கொண்டுவர முடியுமா? சின்ன சிலிண்டரில் வாஷர் போனால் போவது சின்ன நஷ்டம். இதில் போனால் மொத்தமும் போகிறது, போனதுகூடத் தெரியாது. இதுதான் உன் சிக்கனம்.

வீசைக் கணக்கில் பெரியது மலிவு என்பதை நான் மறுக்கவில்லை. ராவுத்தரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ராவுத்தருடைய கணக்கு. அவருக்குத் தினமும் சோடா ஓடியது. சிலிண்டருக்கு மாத வாடகை உண்டு, கேஸை நாம் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். வருஷம் முழுக்க வைத்துக்கொண்டால் மலிவாக விழுந்ததெல்லாம் வாடகையில் கரைந்துவிடும். அதோடு, யாருக்குப் பீர் ஊற்றப்போகிறேன்? கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு ராவுத்தரே கப்பல் ஏறிவிட்டார். துறைமுகத்தில் மதராஸ் கப்பல் வந்து நிற்கும்போதெல்லாம் நம் சபையில் இரண்டு மூன்று பெஞ்சுகள் காலியாகின்றன. இந்த வருஷம் என்னிடம் பீர் சொன்னவர்களில் கல்யாணக்காரர்களைவிட ஊருக்குப் போகிறவர்கள்தான் அதிகம். வழியனுப்பு விருந்துக்கு ஊற்றிக் கொடுக்கிறேன், குடித்துவிட்டு அழுகிறார்கள், மறுநாள் போய்விடுகிறார்கள். போனவர்கள் மறுபடி ஆர்டர் கொடுக்க வரமாட்டார்கள். சீனியும் முன்போலக் கிடைப்பதில்லை, பங்கீட்டுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. இன்றைக்குப் பத்து விருந்து, நாளைக்கு இரண்டோ மூன்றோ. தேவை குறைந்துகொண்டு வருகிற நேரத்தில் கையிருப்பைப் பெருக்குகிறவனை என்னவென்று சொல்வது. எந்த அளவு வாங்கலாம் என்று கேட்கிறவன், எவ்வளவு செலவாகும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். விலை அப்புறம்.

இதையெல்லாம் உன்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம். நீ உட்கார்ந்தால்தானே. வருவாய், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் சமையலறைக்குள் போவாய், ஸ்பேனரை எடுப்பாய், மாட்டுவாய், சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்ப்பாய், படகுக்கு நேரமாச்சும்மா என்பாய். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் இரண்டாவது மாடியில் இருப்பாய். மீன் குழம்பு வைத்து மூடி வைத்திருப்பேன், மறுநாள் நானே சுடவைத்துச் சாப்பிடுவேன். கேஸ் மாற்றுகிற கூலிக்காரன்கூட ஒரு டம்ளர் தண்ணீருக்கு நிற்கிறான்.

போன திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் சைக்கா பிடித்து லத்தாவுக்குப் போனேன். கிடங்கில் கோ மின் எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்தான். இந்த யானையை எடுத்துக்கொண்டு போ என்றேன். எடுத்துக்கொள்கிறேன் என்றான், வாஷருக்கும் மன்னிப்புக் கேட்டான். நான் விடவில்லை. "எம் மவன் கேட்டா, அந்த வீட்டுக்கு இது சரிப்படாதுன்னு ஒரு வார்த்த சொல்ல வேணாமா? எத்தன வருஷமா எங்களுக்குக் கேஸ் போடுற நீ" என்று சத்தம் போட்டேன். அவன் எண்ணிக்கை நோட்டை மூடிவைத்தான். பிறகு சொன்னான்.

"அமே, கோவிக்காத. நான் சொன்னேன், சின்னது நல்லதுன்னு. மவன் கேக்கல. அது என்ன சொல்லிச்சு தெரியுமா? வீட்டுக்குப் போனா அம்மா கேஸு, வாஷரு, வால்வு, இதான் பேசுது. நான் எப்பிடி இருக்கேன், ஒரு வார்த்த கேக்கல. அம்மாவுக்குக் கேஸு மாத்த ஆள் வேணும், அவ்ளோதான். பெருசு குடுத்துரு, அப்புறம் நான் தேவப்படாதுன்னு சொல்லிச்சு."

அதை நீ அவனிடம் பர்மிய மொழியில் சொல்லியிருப்பாய். அவன் எனக்கு அரைத் தமிழில் சொன்னான். அப்படிச் சொன்னதால் ஒரு சொல்லும் மழுங்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அங்கே நின்ற தராசைத் தள்ளிவிடலாம் போல இருந்தது. கேஸ்காரனிடம் சொல்ல உனக்கு வாய் வந்தது, பெற்றவளிடம் சொல்ல வரவில்லை. அவன் யார் உனக்கு? என்னைப் பற்றி எனக்கே தெரியாதது ஒரு கிடங்கு முழுக்கத் தெரிந்திருக்கிறது. எஸ்தரிடமும் இப்படித்தான் இருக்கிறாயா? மனசில் இருப்பதைக் கட்டினவளிடம் சொல்லாமல் நீ வேலை செய்கிற மில்லில் பக்கத்து ஆளிடம் சொல்லாதே, தம்பி. அது சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேரும், வரும்போது இன்னும் கூர்மையாக வரும். கல்யாணமான பிள்ளைக்கு அம்மா சொல்லும் புத்தி இந்தக் கடிதத்தில் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் திட்டு.

சைக்கா வேண்டாம் என்று நடந்தே திரும்பினேன். சந்தைக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு, வழி நெடுக உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். நானா கேட்கவில்லை? கேஸுக்காகவா நான் இவனைத் தேடுகிறேன்? சின்ன சிலிண்டர் தீரப்போகிறது என்றால் நான் கவலைப்பட்டதே இல்லையே, அந்த வாரம் முழுக்க மீன்காரியிடம் நல்ல மீனாகச் சொல்லிவைப்பேனே. சில மாதம் தீருவதற்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது என்று உனக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன், அது உனக்குத் தெரியாது. இவ்வளவு செய்த என்னையா சொன்னான் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அப்படியே நீ கடைசியாக வந்த நாளை நினைத்துப் பார்த்தேன், நான் கேட்ட ஒரு வார்த்தையாவது ஞாபகத்துக்கு வந்தால் உன் முகத்தில் எறியலாமே என்று.

நல்ல மழை அன்றைக்கு. சட்டையெல்லாம் நனைந்து வந்தாய். வாசலில் நின்று தலையைத் துவட்டினாய், ஒரு கையால் மட்டும். இடது கையில் துணி சுற்றியிருந்தது, துணியில் பழைய ரத்தக் கறை இருந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு நான் உன்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "அந்தக் கையோட ஸ்பேனர் பிடிக்க முடியுமா?" என்று கேட்டேன். நீ முடியும்மா என்றாய். அதற்கடுத்து, புது வாஷர் கொண்டுவந்தாயா என்று கேட்டேன். அவ்வளவுதான் நாம் அன்றைக்குப் பேசியது. நடு ரோட்டில் நின்றுவிட்டேன், பின்னால் வந்த தள்ளுவண்டிக்காரன் திட்டினான்.

என்னிடம் உள்ள கோளாறு இதுதான் போலிருக்கிறது. எனக்கு நேராகக் கேட்க வராது. உன் அப்பாவிடமும் அப்படித்தான், அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுகூட நான் ஐஸ்காரன் வரவில்லை என்றுதான் புலம்பிக்கொண்டிருந்தேன். நீயும் நேராகச் சொல்கிறவன் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சிலிண்டரை நிற்கவைத்து, அதனிடமே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. உன்மேல் முக்கால், என்மேல் கால் என்று வைத்துக்கொள். அதற்குமேல் குறைத்துக்கொள்ளமாட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெரிய சிலிண்டரை வியாழக்கிழமை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இறக்கும்போது இன்னொரு படி உடைந்தது, நீ வந்தால் டோ மியாவின் கண்ணில் படாமல் ஏறு. அதற்குப் பதிலாக இரண்டு சின்ன சிலிண்டர் வாங்கியிருக்கிறேன். ஒன்று ஓடும், ஒன்று மூலையில் நிறைந்து நிற்கும். ஓடுவது தீர்ந்தால் அதை மட்டும் அனுப்பி நிரப்பிக்கொள்ளலாம், விருந்து நடுவில் கையைப் பிசைய வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நம் வீட்டுக்குச் சிக்கனம் இதுதான். சைக்காக்காரனுக்கு ஒரு டம்ளர் பீர் கொடுத்தால் மாடிக்கு அவனே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிடுகிறான். மாட்டுவதற்கு கோ மின்னைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டச் சொன்னேன். இரண்டாவது தடவை நானே மாட்டினேன். ஸ்பேனர் பிடிக்க அவ்வளவு பெரிய வித்தை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் ஒரு முட்டைகூட வரவில்லை. பாதிரியார் வந்து, மருந்தாக என்று சொல்லிக்கொண்டு இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

ஆகையால், தம்பி, இந்த வீட்டில் இனி உனக்கு ஒரு வேலையும் இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்று உனக்கு ஆள் அனுப்பமாட்டேன். தீர்ந்தாலும் சொல்லமாட்டேன். நீ வருவதற்கு இங்கே எந்தக் காரணமும் மிச்சம் வைக்கவில்லை, உனக்கும் எனக்கும் சாக்கு இல்லாமல் செய்துவிட்டேன். காரணம் இல்லாமல் வர முடியுமானால் வா. எஸ்தரையும் கூட்டிக்கொண்டு காலைப் படகில் வா, கடைசிப் படகில் போகலாம். வரமாட்டேன் என்றால் அதையும் கோ மின்னிடம் சொல்லாதே, எனக்கே எழுது. எழுத்துப் பிழையிருந்தாலும் பரவாயில்லை, தமிழிலேயே எழுது.

எழுதும்போது முதலில் இதற்குப் பதில் எழுது. கை ஆறிவிட்டதா?

அம்மா